இலையில்லாப் பசுந்தண்டு

படைப்பைப் படிப்போம்

மனிதகுலத்தின் தந்தையாகிய ஆதம் (அலை) அவர்களைப் படைத்த அல்லாஹ், அவர்களுக்குப் பொருள்களின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தான் என்று திருமறை அறிவிக்கின்றது. வானவர்கள் சொல்ல இயலாத பெயர்களை அவர்கள் எடுத்துரைத்தார்கள். மனிதனுக்கு வழங்கப்பட்ட சிறப்புகளுள் பெயரறிவும் ஒன்று என்பதை இதனால் உணர்கிறோம். பெயரறிவு என்பது வெறும் சொல்லறிவு அன்று. ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்து, அதன் தன்மையையும் பயனையும் உணர்ந்து, அதற்குரிய மதிப்பை அளிப்பதே பெயரறிவாகும்.

இந்தச் செல்வத்தை நாம் மெல்ல மெல்ல இழந்து வருகிறோம். நம் பாட்டனார் காலத்தில் வயலோரத்துச் செடிகளில் எது கீரை, எது மருந்து, எது மாட்டுக்கு ஆகாதது என்று சிறுபிள்ளைகளும் சொல்வார்கள். இன்று ஏரிக்கரையில் நிற்கும் பிள்ளையிடம் கேட்டால், பச்சையாய் இருப்பதெல்லாம் 'புல்' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகின்றது. பெயர் தெரியாத ஒன்றை யாரும் காப்பதில்லை. அப்படிப் பெயரின்றி நிற்கும் ஓர் எளிய நீர்த்தாவரத்தை இந்த மாதம் வாசக சகோதர, சகோதரிகளுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம்.

வேடந்தாங்கலில் ஒரு பாடம்

செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலை அறியாதவர் தமிழகத்தில் குறைவு. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, மாமல்லபுரம், கோவளம் என்று கடற்கரையைச் சுற்றிவிட்டு, வேடந்தாங்கலுக்கும் சென்று வரும் குடும்பங்கள் பல. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சிறிய ஏரியில், நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா முதலிய பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பியபின், நவம்பர் முதல் மார்ச் வரையில் அங்கே கேட்கும் ஆரவாரம் ஒரு பெருஞ்சந்தையின் இரைச்சலை ஒத்திருக்கும்.

'தாங்கல்' என்பது அப்பகுதியில் சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். வேடரின் தாங்கல் என்ற பெயரைத் தாங்கிய ஊரே வேட்டையைத் தடுத்த ஊராக விளங்குவது வியப்பிற்குரியது. பறவைகளைச் சுட வருவோரைக் கிராம மக்கள் எதிர்த்து முறையிட, 1798-ஆம் ஆண்டில் அன்றைய மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களின் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகப் பாய்கின்றது என்பதை அந்த உழவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். 1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் பகுதியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஒப்பந்தத்தின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றன.

ஏரி இவ்வளவு சிறியதாயிருக்க, சுற்றிலும் ஐந்து கிலோமீட்டர் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியில்தான் நம் பாடம் தொடங்குகின்றது. வேடந்தாங்கல் பறவைகளின் தொட்டில். அவற்றின் உணவறை அன்று. ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு வேண்டிய மீனும் தவளையும் நத்தையும் அந்த ஒரு ஏரியில் கிடைத்துவிடா. தாய்ப்பறவைகள் விடியலில் புறப்பட்டுச் சுற்றுவட்டாரத்து ஏரிகளுக்கும் குளங்களுக்கும் நெல்வயல்களுக்கும் பறந்து சென்று இரை தேடி வருகின்றன. அவை இறங்குவது ஆழமான நடுநீரில் அன்று. நாரையின் கால் நிலத்தைத் தொடக்கூடிய ஓர நீரில். அந்த ஓர நீரில் நிற்பதுதான் நாம் அறிமுகம் செய்யும் பசுந்தண்டு.

அடையாளம் காண்பது எப்படி?

ஏரியின் நீர்பரவும் பகுதியை 'உள்வாய்' என்பர். உள்வாயின் மேடான ஓரத்தில், நீர் ஆழமின்றித் தேங்கும் இடத்தில் நின்று பாருங்கள். மென்மையான பச்சைக் குழல்களை ஒருவர் வரிசையாக நட்டு வைத்ததுபோல் ஒரு கூட்டம் தென்படும். இடுப்பளவு உயரத்திற்கும், சில இடங்களில் அதற்கு மேலும் வளர்ந்திருக்கும். கிளை இல்லை, கணு இல்லை, இலையும் இல்லை. ஊர்மக்கள் பெரும்பாலும் 'கோரை' என்ற பொதுப்பெயரிலேயே இதனையும் அடக்கிவிடுவர். கோரைக் குடும்பத்தைச் சேர்ந்ததே எனினும் இது தனிப்பிரிவு. தாவரவியலார் இதனை எலியோகாரிஸ் டல்சிஸ் என்று அழைக்கின்றனர். எலியோகாரிஸ் என்னும் பெயர் சதுப்பையும் எழிலையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. டல்சிஸ் என்றால் இனிமையானது என்று பொருள். சதுப்பின் எழில் என்று விஞ்ஞானம் பெயர் சூட்டிய ஒன்றை நாம் களை என்று கூறிக் கடந்து செல்கிறோம்!

இதனைப் பிரித்தறிய நான்கு சோதனைகள் போதும்.

முதலாவது, இலையைத் தேடுங்கள். நாணலுக்கும் சம்புக்கும் நீண்ட இலைகள் உண்டு. இதற்கு இல்லை. தண்டின் அடிப்பகுதியை விலக்கிப் பார்த்தால், சவ்வுபோன்ற மெல்லிய உறை ஒன்று செம்பழுப்பு நிறத்தில் தண்டைச் சுற்றியிருக்கும். இலைக்கு எஞ்சிய அடையாளம் அதுவே.

இரண்டாவது, நுனியைப் பாருங்கள். பாய் நெய்யும் கோரையின் உச்சியில் குடைக்கம்பிகள்போல் கதிர்கள் விரிந்து, அவற்றின் அடியில் இலைபோன்ற நீண்ட பட்டைகள் தொங்கும். நம் பசுந்தண்டின் உச்சியிலோ ஒரே ஒரு கதிர்தான் உண்டு. குடையும் இல்லை, பட்டையும் இல்லை. கதிரும் தண்டைக்காட்டிலும் பருத்திருப்பதில்லை; தண்டே நீண்டு செதில் போர்த்துக்கொண்டாற்போலிருக்கும்.

மூன்றாவது, விரல்களால் உருட்டிப் பாருங்கள். கோரைத் தண்டு பெரும்பாலும் முப்பட்டையாக இருக்கும். இது உருண்டையானது.

நான்காவது சோதனை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஒரு தண்டை இரு விரல்களுக்கிடையே அழுத்தியவாறு மேலிருந்து கீழாக இழுத்தால் 'பட் பட்' என்று சிறு ஓசைகள் தொடர்ந்து எழும். தண்டின் உள்ளே வெற்றிடமாயிருந்து, சிறு சிறு இடைவெளியில் குறுக்குத் தடுப்புகள் அமைந்திருப்பதே காரணம். உலர்ந்த தண்டில் இத்தடுப்புகள் மோதிரம் மோதிரமாக வெளியிலேயே தெரியும்.

இதன் உடன்பிறப்புகளும் நம் நாட்டில் உள்ளன. எலியோகாரிஸ் அக்யூடாங்குலா என்பது தோற்றத்தில் இதுபோன்றதே ஆயினும் முப்பட்டைத் தண்டுடையது, உட்தடுப்புகள் இல்லாதது. ஆகவே மூன்றாவது, நான்காவது சோதனைகள் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். எலியோகாரிஸ் ஜெனிகுலேட்டா என்பது சாண் உயரத்தில் கொத்தாக வளர்ந்து, நுனியில் குண்டூசித் தலைபோல் உருண்டைக் கதிர் தாங்கும் சிறியது. சற்றே உப்பேறிய மணற்பாங்கிலும் அது வளரும். கடற்கரைப் பகுதியில் மழைநீர் தேங்கிய மணற்பள்ளங்களைக் கண்டால், அங்கும் ஒரு கணம் குனிந்து பார்க்கலாம்.

படைப்பின் நுட்பம்

இலை இல்லாத செடி எப்படி உணவு தயாரிக்கும்? இலையின் வேலையைத் தண்டே செய்கின்றது. சேற்றில் புதைந்த வேர் எப்படி மூச்சு விடும்? தண்டின் உள்வெளியே காற்றுக்குழாயாக அமைந்து, மேலிருக்கும் காற்றைச் சேற்றடிவரை கொண்டுசேர்க்கின்றது. காற்றுப் புகாத கருஞ்சேற்றில் வேறு செடிகள் அழுகிப்போக, இது தழைத்து நிற்பதன் இரகசியம் இதுவே.

இதே இனத்தைச் சேர்ந்த அமெரிக்கத் தாவரம் ஒன்றில் மேலும் ஒரு விந்தை உண்டு. எலியோகாரிஸ் விவிபாரா என்ற அது, நீருக்குள் மூழ்கி வளரும்போது ஒரு முறையிலும், காற்றில் வளரும்போது வேறொரு முறையிலும் கரியமிலவாயுவை ஏற்று உணவாக்குகின்றது. முதல் முறை நெற்பயிருக்கு உரியது; இரண்டாவது, சோளத்திற்கும் கரும்பிற்கும் உரியது. ஒரே செடி இடத்திற்கேற்ப இரண்டையும் மாறி மாறிக் கையாளுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்டனர். சுப்ஹானல்லாஹ்! சேற்றில் நிற்கும் ஒரு குச்சியின் உள்ளே இத்துணை ஏற்பாடுகள்.

வாழிடத்தின் தாளம்

இத்தாவரத்தைக் காப்பதற்கு இதன் பெயரை மட்டும் அறிந்தால் போதாது. இதன் வீட்டையும் அறிதல் வேண்டும். செங்கல்பட்டுச் சீமையில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. மழைநீரைத் தேக்கி வைத்த ஏரிகளே அம்மண்ணை வாழவைத்தன. அவ்வேரிகளுக்கு ஒரு தாளம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். மதகு திறந்து பாசனம் நடக்க நடக்க நீர் சுருங்கும். சித்திரை வெயிலில் ஓரம் வெடித்துக் காய்ந்து கிடக்கும்.

நம் பசுந்தண்டு இந்தத் தாளத்திற்கென்றே படைக்கப்பட்டதுபோல் வாழ்கின்றது. மழைக்காலத்தில் கணுக்கால் முதல் இடுப்பு வரையுள்ள நீரில் தழைக்கும். சேற்றுக்குள் ஓடுதண்டுகளை அனுப்பிப் பரவும். நீர் வற்றும் காலத்தில் மேற்பகுதி காய்ந்துவிடும். ஓடுதண்டின் நுனியில் திரண்ட சிறு கிழங்குகள் மட்டும் மண்ணுக்குள் உறங்கும். அடுத்த மழையில் அவை மீண்டும் முளைவிடும். சாய்வான, ஆழமற்ற கரையோரமும், நிரம்பி வற்றும் நீருமே இதன் வீடு. நீர் எப்போதும் ஆழமாக நின்றாலும் இது மறையும்; ஈரமே இல்லாவிடினும் மறையும்.

தண்டுக்கூட்டத்தின் இடையே மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. தவளை முட்டையிடுகின்றது. நத்தை மேய்கின்றது. தும்பி, நீரிலிருந்து தண்டின் மீது ஏறிச் சிறகு விரிக்கின்றது. அவற்றைத் தேடித்தான் நாரையும் கொக்கும் வருகின்றன. கரையை அரிக்கும் அலையின் வேகத்தையும் இத்தண்டுகள் தணிக்கின்றன.

கிழங்கும் கொக்கும்

இந்தக் கிழங்கு உலகம் அறிந்த ஒன்று. சீன உணவில் நறுக்கென்று கடிபடும் 'வாட்டர் செஸ்ட்நட்' இதன் கிழங்கேயாகும். சீன உழவர் வளர்த்துப் பெருக்கிய வகையில் கிழங்கு பெரிதாகவும் இனிப்பாகவும் இருக்கும். காட்டுவகையில் சிறிதாகக் கறுத்திருக்கும். வட இந்தியச் சந்தைகளில் விற்கும் கொம்பு முளைத்த சிங்காராக் காய்க்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் வழங்குவதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. அது நீரில் மிதக்கும் வேறொரு செடியின் காய்.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏரியிலிருந்து தோண்டிய கிழங்கைப் பச்சையாகக் கடிக்கப் பிள்ளைகளை விடக்கூடாது. ஆசிய நாடுகள் சிலவற்றில் இத்தகைய நீர்த்தாவரங்களைப் பச்சையாக உண்பதால் குடற்புழு நோய் பரவுவது மருத்துவம் அறிந்த செய்தி. பூச்சிமருந்தும் சாக்கடையும் கலக்கும் ஏரியாயின் தொடாமலிருப்பதே நலம். சரணாலய எல்லைக்குள் எந்தச் செடியையும் பிடுங்குவது சட்டப்படி குற்றமாகும். அங்கே கண்ணால் மட்டும் படிக்கவேண்டும்.

மனிதரைக்காட்டிலும் பறவைகளுக்கே இக்கிழங்கு பெரிதும் தேவைப்படுகின்றது. ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள காக்கடு ஈரநிலங்களில், வறட்சிக்காலத்தில் காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து, காயும் சேற்றைக் கிளறி இதே எலியோகாரிஸ் டல்சிஸ் கிழங்கை உண்டு உயிர் வாழ்கின்றன. வியட்நாமின் டிராம் சிம் ஈரநிலத்தில் நிகழ்ந்ததோ நமக்கு ஓர் எச்சரிக்கை. இவ்வினக் கிழங்குகளைத் தேடி 1980-களின் இறுதியில் அங்கு சாரஸ் கொக்குகள் ஆயிரம் அளவில் வந்தன. காட்டுத்தீயைத் தடுக்கும் நல்லெண்ணத்துடன், கோடையிலும் நீரை வற்றவிடாமல் உயரமாகத் தேக்கி வைத்தனர். நீர் நிறைந்திருந்தது, ஆனால் வற்றி நிரம்பும் தாளம் கெட்டது. கிழங்குத் தாவரம் குறைந்தது. கொக்குகளின் வரவும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, சில ஆண்டுகளில் ஒன்றுகூட வராத நிலை ஏற்பட்டது. அங்கே நீரின் அளவைப் பழைய தாளத்திற்குக் கொண்டுவரும் முயற்சி இப்போது நடைபெறுகின்றது.

நல்லெண்ணம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

களையா, கொடையா?

இங்கே உழவரின் பக்கமும் நியாயம் உண்டு. எலியோகாரிஸ் இனங்கள் நெல்வயலுக்குள் புகுந்தால் களையே. பயிருக்குரிய உரத்தையும் இடத்தையும் அவை பிடித்துக்கொள்ளும். வயலில் அவற்றைப் பிடுங்குவது உழவரின் உரிமை. ஒரு பொருள் தனக்குரிய இடத்தில் நிற்கும்போது கொடையாகவும், இடம் மாறும்போது களையாகவும் ஆகின்றது. ஆகவேதான் வாழிடத்தை அறியவேண்டும் என்கிறோம்.

இன்று ஊர்தோறும் ஏரி, குளங்களைத் தூர்வாரும் ஆர்வம் பெருகியுள்ளது. தமிழக அரசு 2017-இல் குடிமராமத்துத் திட்டத்தைப் புதுப்பித்தது. நம் ஜமாஅத்துகளின் இளைஞர்களும் பல ஊர்களில் மண்வெட்டி ஏந்தி இறங்குகின்றனர். இது பாராட்டுக்குரிய பணி. ஆனால் பொக்லைன் இயந்திரம் இறங்கியதும் கரையோரச் சாய்வு முழுவதையும் செங்குத்தாக வெட்டி, ஏரியை ஒரு தொட்டியாக்கிவிடுவதும் நடக்கின்றது. 'சுத்தம்' செய்வதாக எண்ணிப் பச்சை அனைத்தையும் வழித்தெறிகின்றனர். அதன்பின் நீர் நிற்கும்; நாரைக்கு நிற்க இடம் இருக்காது.

அகற்ற வேண்டியவை உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நீர்ப்பரப்பை மூடும் ஆகாயத்தாமரை, கரையை அடைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு, சீமைக்கருவேலம் ஆகியவை வெளியிலிருந்து வந்து நம் நீர்நிலைகளை நெருக்குபவை. அவற்றை அகற்றுவோம். மண்ணின் மைந்தனான பசுந்தண்டையும் கோரையையும் அவற்றுடன் சேர்த்து அழிப்பது, திருடனைத் தேடிப் போய் வீட்டுக்காரனையும் கட்டி இழுத்து வருவதை ஒக்கும்.

நாம் செய்யத்தக்கவை

கோரையின் மதிப்பை நம் சமுதாயத்திற்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையின் கோரையைப் பட்டுப்போல் மென்மையான பாயாக நெய்து உலகப் புகழ் பெற்றவர்கள் பத்தமடையின் லெப்பை முஸ்லிம் குடும்பத்தினர். ஈரநிலத்துப் புல்லில் கலையைக் கண்ட அந்தக் கைகளின் வழிவந்த நாம், அதன் உறவான ஒரு செடியை அறியாதிருப்பது முறையன்று.

ஆகவே சில வேண்டுகோள்கள். ஊர்க்குளத்தைத் தூர்வார முடிவு செய்யும் கூட்டத்தில், நடுப்பகுதியை ஆழப்படுத்துவோம், ஓரச் சாய்வை விட்டுவைப்போம் என்று எடுத்துச் சொல்லுங்கள். ஒரு பக்கக் கரையையேனும் செடிகளுடன் விட்டுவிட்டால், அங்கிருந்து அவை மீண்டும் பரவிக்கொள்ளும். முட்டையும் குஞ்சும் நிறைந்த மழைக்காலத்தில் வேண்டாம். நீர் வற்றிய கோடையில் பணியைச் செய்யுங்கள். வேலை தொடங்குமுன் ஒரு நாள், பிள்ளைகளையும் ஊர்ப் பெரியவர்களையும் அழைத்துக் கரையைச் சுற்றி வாருங்கள். எந்தெந்தச் செடி நிற்கின்றது, அதற்கு அவ்வூரில் என்ன பெயர் வழங்குகின்றது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மூத்த பெண்மணிகளிடம் கேட்டால், புத்தகங்களில் ஏறாத பெயர்கள் பல கிடைக்கும். அவர்களுடன் அப்பெயர்களும் மறைந்துவிடலாகாது.

ஒருவர் நட்டதிலிருந்து பறவை உண்டாலும் அது அவருக்குத் தர்மமாக அமையும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வழங்கிய நற்செய்தி. நடாமலேயே இறைவன் வளர்த்துத் தந்த ஒன்றை, பறவைக்காக விட்டுவைக்கும் மனத்திற்கும் அவனிடம் கூலி இல்லாமற்போகாது என்று நம்புவோம். பூமியின் பொறுப்பை ஏற்ற மனிதனிடம், பெரிய மரங்களைப் பற்றி மட்டுமல்ல, சேற்றோரத்துச் சிறு தண்டுகளைப் பற்றியும் கேள்வி உண்டு.

அடுத்த விடுமுறையில் வேடந்தாங்கலுக்குச் செல்வோர், கோபுரத்தின் மீதேறிப் பறவைகளைக் கண்டு மகிழுங்கள். திரும்பும் வழியில் எங்கேனும் ஓர் ஊரேரியின் கரையில் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். இலை உண்டா, கதிர் ஒன்றா, தண்டு உருண்டையா, அழுத்தினால் ஓசை வருகிறதா என்று அவர்களே சோதித்து அறியட்டும்.

வல்ல அல்லாஹ் தன் படைப்புகளை அறிந்து போற்றும் பார்வையை நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக! ஆமீன்.